ஷட்டர் சாவி யாரிடம்?

தாமிரபரணிப் பாசனத்தில் கார் சாகுபடிக்கு வழக்கப்படி ஜூன் முதல் தேதி தண்ணீர் திறக்க வேண்டும். மே மாதக் கடைசியில் அம்பாசமுத்திரம் பக்கம் டீக்கடையில் நின்றால், மழையைப் பற்றிய பேச்சோடு "ஜி.ஓ. வந்துட்டா வே?" என்ற கேள்வியும் காதில் விழும். பொதிகையில் மழை பெய்திருக்கலாம், அணையில் தண்ணீர் இருக்கலாம். ஆனால் சென்னையில் அரசாணை கையெழுத்தாகாமல் மதகு திறக்காது. அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் அலுவலகத்தின் ஒரு தாள், நாற்றங்காலில் விதை பாவுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த நிலைமை எப்படி வந்தது? தொழில்நுட்பமும் அரசியல் அதிகாரமும் சமூகத்தை எப்படி மாற்றுகின்றன என்று பொதுவாகப் பேசினால் கையில் எதுவும் நிற்காது. ஓர் ஆற்றை எடுத்துக்கொண்டு பார்த்தால் நன்றாகப் புரியும். தாமிரபரணி அதற்குப் பொருத்தமான ஆறு. பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை சுமார் 125 கிலோமீட்டர்தான் நீளம். அந்தத் தூரத்துக்குள் பாண்டியர் காலம் தொட்டு இன்றுவரை வந்த எல்லா நீர்த் தொழில்நுட்பமும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிறது. கல் அணைக்கட்டு, நூற்பாலைச் சக்கரம், மின் நிலையம், நீர்த்தேக்கம், ராட்சதக் குழாய் என்று ஒவ்வொன்று வந்தபோதும், தண்ணீரைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை உள்ளவர் மாறினார். அந்த மாற்றத்தைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் அணைக்கட்டு. வெளியூர்க்காரர்கள் அணையையும் அணைக்கட்டையும் ஒன்றாக நினைப்பார்கள். அணை தண்ணீரைத் தேக்கி வைக்கும். அணைக்கட்டு தேக்காது; ஆற்றின் மட்டத்தைச் சில அடி உயர்த்திப் பக்கத்து வாய்க்காலுக்குள் திருப்பிவிடும், மிச்சம் அதன் மேலேயே வழிந்து போகும். தாமிரபரணியில் இப்படி எட்டு உண்டு. மேலிருந்து கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எட்டிலிருந்தும் பிரியும் பதினொரு கால்வாய்களில் நேரடியாகவும் குளங்கள் வழியாகவும் பாயும் ஆயக்கட்டு 86,107 ஏக்கர்.

பழைய அணைக்கட்டுகளை அருகே போய்ப் பார்த்தால் அவை ஆற்றை நேர்க்கோட்டில் குறுக்கே வெட்டாமல் சாய்ந்தும் வளைந்தும் போவது தெரியும். மருதூர் அணைக்கட்டு குதிரை லாடம்போல் வளைந்து கிடக்கிறது. அழகுக்காக அப்படிக் கட்டவில்லை. ஆற்றுப் படுகையில் இயற்கையாகத் துருத்தி நிற்கும் பாறைகளைத் தொட்டுத் தொட்டுக் கல் அடுக்கினார்கள். அதனால் அடித்தளம் தோண்டும் வேலை குறைந்தது. சாய்வாகப் போவதால் அணைக்கட்டின் நீளம் கூடுகிறது. வெள்ளம் அந்த நீளம் முழுக்கப் பரவி மெல்லிய படலமாக வழிகிறது, ஒரே இடத்தில் மோதிப் பெயர்ப்பதில்லை. பொறியியல் கல்லூரிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆற்றின் குணத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்த அறிவு இது. கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு கதை உண்டு. பசு ஒன்று நடந்த வழியைப் பின்தொடர்ந்து அந்த வாய்க்காலை வெட்டினார்கள் என்பார்கள். மேடு பள்ளம் பார்த்து நடப்பது மாட்டின் இயல்பு. சரிவு குறையாமலும் கூடாமலும் தண்ணீரைக் கொண்டுபோக என்ன வழி என்ற கேள்விக்கு மக்கள் மனதில் தங்கிய பதிலாக அந்தக் கதையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த அமைப்பில் இன்னொரு நுட்பம் உண்டு. மேலே அம்பாசமுத்திரத்து வயலில் பாய்ந்த தண்ணீரில் ஒரு பகுதி கசிந்து மறுபடியும் ஆற்றுக்கே வரும். கீழே இருக்கும் அணைக்கட்டு அதைப் பிடித்து அடுத்த ஊருக்கு அனுப்பும். ஆக ஒரே தண்ணீர் இரண்டு மூன்று தடவை பயிருக்கு உதவுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழாயைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சரி, அந்தக் காலத்தில் சாவி யாரிடம் இருந்தது? கோயிலிடமும், பிராமண, வெள்ளாள மிராசுதாரர்களிடமும். டேவிட் லட்டன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் திருநெல்வேலி உழவர் வரலாற்றைப் பற்றி 1985ல் எழுதிய நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆற்றுப் பாசனம் இருந்த ஊர்களில் நிலவுடைமை மேல்சாதிகளிடம் இறுகியது. வானம் பார்த்த கரிசலிலும் செம்மண்ணிலும் வேறு மாதிரிச் சமூகம் உருவானது. தண்ணீரோ வயலில் இறங்கி உழைத்தவர்களின் கைக்குத்தான் வசப்பட்டிருந்தது. எந்த மடையை எவ்வளவு நேரம் திறக்க வேண்டும், எந்த வரப்பு கசியும், கடைமடைக்குத் தண்ணீர் ஏற எத்தனை நாழிகை ஆகும் என்பதெல்லாம் மடை காத்த குடும்பர்களுக்கும் நீர்ப்பாய்ச்சிகளுக்கும் தெரிந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளர் சமூகத்தினர், 2021ல் சட்டம் தேவேந்திரகுல வேளாளர் என்று பெயரிட்ட சமூகத்தினர். ஆற்றின் அறிவியல் அவர்களிடம் இருந்தது, நிலத்தின் பட்டா வேறு பெயரில் இருந்தது. தாமிரபரணியின் பெருமையைப் பாடுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் உறுத்தல்.

கம்பெனி ஆட்சி வந்ததும் தண்ணீர் கணக்குப் புத்தகத்துக்குள் போனது. நஞ்சைக்கு ஒரு தீர்வை, புஞ்சைக்கு ஒரு தீர்வை. நஞ்சைத் தீர்வை பல மடங்கு அதிகம் என்பதால், ஒரு புஞ்சைக்குத் தண்ணீர் பாய்ந்தால் அது அரசுக்கு வருமானம். 1858ல் குடிமராமத்து வேலையைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. 1865ல் சென்னை மாகாண நீர்த்தீர்வைச் சட்டம் வந்தது. அரசுக்குச் சொந்தமான நீர்நிலையிலிருந்து தண்ணீர் எடுத்தால் தனி வரி என்றது அது. "அரசுக்குச் சொந்தமான" என்ற அந்த ஒரு தொடர்தான் பெரிய மாற்றம். அதுவரை ஊருக்கும் கோயிலுக்கும் உரியதாக இருந்த ஓடும் தண்ணீர் சர்க்கார் சொத்தாகிவிட்டது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு அந்தக் காலத்துக் குழந்தை. 1870களில் முடிந்தது. கீழே கடல்தான் இருக்கிறது, அதுவரை போகும் தண்ணீரைத் திருப்பினால் புதிய நஞ்சை, புதிய நஞ்சையில் புதிய வரி. வடகாலும் தென்காலும் வெட்டப்பட்டன. வடகால் தூத்துக்குடிப் பக்கம் கோரம்பள்ளம் குளம்வரை போனது, தென்கால் திருச்செந்தூர்ப் பக்கத்துக் குளங்களை நிறைத்தது. மக்களுக்கு இதனால் நன்மை வந்தது, அதில் சந்தேகமில்லை. வாழையும் நெல்லும் வெற்றிலையும் அங்கே செழித்தன. கூடவே பொதுப்பணித்துறையும் வந்தது. ஷட்டருக்குத் திருகுகம்பி, திருகுகம்பிக்குச் சக்கரம், சக்கரத்துக்குச் சங்கிலியும் பூட்டும், பூட்டைத் திறக்க ஒரு லஸ்கர், லஸ்கருக்கு மேல் ஓவர்சியர், அவருக்கு மேல் எஞ்சினியர். கால்வாய்த் தலைப்பில் நட்ட அளவுகல்லில் அடி, அங்குலக் கோடுகளைப் பார்த்து நோட்டில் எழுதும் பழக்கம் தொடங்கியது. மடையை மண்வெட்டியால் வெட்டித் திறந்த கை, மேலே சக்கரத்தைத் தொட முடியாமல் போனது.

அதே காலத்தில் பாபநாசத்தில் வேறொன்று நடந்தது. மலையிலிருந்து விழும் தண்ணீருக்கு விசை உண்டு என்பதைக் கவனித்த ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1885ல் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கினார்கள். அருவியின் விசைதான் கதிர்களைச் சுழற்றியது. இன்றைக்கும் வயதானவர்கள் ஹார்வி மில் என்றே சொல்கிறார்கள். 1888ல் அதே குழுமம் தூத்துக்குடியில் கோரல் மில்லைத் தொடங்கியது. பருவத்தைப் பார்த்து வேலை செய்த மக்கள் சங்குச் சத்தத்தைக் கேட்டு எழும் மக்களாக மாறியது இங்கே அப்போதுதான்.

ஆலைக்குள் சேர்ந்த தொழிலாளிகள் அரசியலுக்குள்ளும் வந்தார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வையும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையையும் தொழிலாளர் வென்றார்கள். வ.உ.சி. அதற்கு முன்பே 1906ல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர். தொழில்நுட்பத்தை வெறுத்து ஒதுக்காமல் அதைத் தன் மக்களின் கையில் கொண்டுவர வேண்டும் என்று கண்டவர் அவர். நீராவியும் நூற்பாலையும் யாருக்காக ஓட வேண்டும் என்று அவர் கேட்டது ஆட்சிக்குப் பொறுக்கவில்லை. மார்ச் 12ல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் ஆகியவை தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தனர். கூட்டம் எந்தெந்தக் கட்டடங்களைத் தேடிப் போனது என்று பாருங்கள். வரி, செய்தி, காவல் என்று அரசு மக்களைத் தொட்ட இடங்கள் அவை. இந்த எழுச்சியை ஆவணங்களோடு எழுதிய ஆ.இரா.வேங்கடாசலபதியின் நூலுக்கு 2024ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதித்தார். கப்பல் கம்பெனி சில ஆண்டுகளில் கலைந்தது.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம், ஏனென்றால் ஆற்றின் கட்டுப்பாடு உண்மையிலேயே கைமாறியது அங்கேதான்.

சென்னை மாகாணத்தில் பைகாரா 1932ல் மின்சாரம் தந்தது, அடுத்து மேட்டூர், 1944ல் பாபநாசம். காரையாற்றின் குறுக்கே எழுந்த பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி, கொள்ளளவு சுமார் 5,500 மில்லியன் கன அடி. பிறகு சேர்வலாறு அணை வந்தது. மலைக்குள் சுரங்கம் வெட்டி இரண்டு அணைகளின் தண்ணீரையும் இணைத்தார்கள். தினசரிப் பேப்பரில் நெல்லைப் பதிப்பைப் பிரித்ததும் பாதிப்பேர் தேடுவது இந்த இரண்டு அணைகளின் நீர்மட்டத்தைத்தான்.

மின் நிலையம் தண்ணீரைக் குடித்துவிடுவதில்லை. உயரத்திலிருந்து இரும்புக் குழாயில் இறங்கும் தண்ணீர் டர்பைனைச் சுழற்றிவிட்டு மறுபடியும் ஆற்றில்தான் விழுகிறது. அப்படியானால் விவசாயிக்கு என்ன மாறியது? நேரம் மாறியது. அணை இல்லாத காலத்தில் மழை பெய்தால் ஆறு பெருகும், நின்றால் வடியும். அணை வந்தபின் எந்த மாதம், எந்த நாள், எந்த மணிக்கு எத்தனை கன அடி என்பது மனிதர் எடுக்கும் முடிவாகிவிட்டது. மின்சாரம் அதிகம் தேவைப்படுவது விளக்குப் போடும் மாலை நேரத்தில். பயிருக்கோ நடவு முடிந்த நாளிலும் கதிர் பிடிக்கும் நாளிலும் தண்ணீர் வேண்டும். இரண்டு தேவைகளின் கால அட்டவணையும் வேறு வேறு. ஒரே அணை இரண்டையும் பார்க்கும்போது எதற்கு முதலிடம் என்று யாராவது சொல்லியாக வேண்டும். பாபநாசமும் சேர்வலாறும் மின்வாரியத்தின் பொறுப்பில் இருக்கின்றன, கீழே இருக்கும் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் நீர்வளத்துறையின் பொறுப்பில். ஒரே ஆற்றுக்கு இரண்டு துறை, இரண்டு கணக்கு. இரண்டையும் சேர்த்து வைக்க அரசாணை தேவைப்படுகிறது. டீக்கடைக் கேள்வி பிறந்த இடம் இதுதான்.

தண்ணீர் குறைந்த வருஷத்தில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். தலைமடைக்காரர்கள் காருக்கு விதைத்துவிடுவார்கள். மருதூர், ஸ்ரீவைகுண்டம் கால்வாய்க்காரர்கள் தங்கள் முறை வருமா என்று மனுவோடு கலெக்டர் அலுவலகத்தில் நிற்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் பிசானச் சாகுபடி எல்லாருக்கும் உண்டு. கோடையை ஒட்டிய முன்கார் சாகுபடிதான் முதலில் வெட்டுப்படும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடந்த பழைய வாய்க்கால் சண்டை, திருநெல்வேலி, தூத்துக்குடி என்ற இரண்டு மாவட்டங்களின் சண்டையாக வளர்ந்திருக்கிறது.

மின்சாரத்தால் வந்த நன்மையையும் சொல்ல வேண்டும். காமராஜர் காலத்தில் கிராமங்களுக்குக் கம்பி போனது. கிணற்றில் கமலை இறைத்த கரிசல் விவசாயிக்கு மோட்டார் கிடைத்தது. ஆற்றங்கரை மிராசுதாரரைச் சாராமல் பிழைக்க அது வழி செய்தது. 1989ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் என்றது. மோட்டார் பெருகப் பெருக நிலத்தடி நீர் இறங்கியது என்பது அதன் இன்னொரு முகம். ஆற்று நீருக்காவது அளவுகல் உண்டு. நிலத்தடி நீருக்கு அதுவும் இல்லை.

1958ல் வந்த மணிமுத்தாறு அணையும் சாதாரணச் சாதனை இல்லை. 118 அடி உயர நீர்மட்டம், 5,511 மில்லியன் கன அடி. நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட ஊர்களுக்கு நான்கு ரீச்சாகக் கால்வாய் போனது. ஆனால் அந்த அணைக்கு மேலே மலையில் இருப்பது மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 1929ல் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. 1952ல் ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை. மழைக்காடு தேயிலைத் தோட்டமாகி, தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளிகள் லயன் வீடுகளில் வாழ்ந்தார்கள். கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு அருகே போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களும் அடிபட்டவர்களுமாகப் பதினேழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆற்றின் பிறப்பிடத்தில் உழைத்தவர்கள் அதே ஆற்றில் பிணமாக மிதந்தார்கள். கம்பெனிக்கு 99 வருஷம் எழுதிக் கொடுத்த அதிகாரம், தொழிலாளியிடம் ஒரு மனுவை வாங்கிக்கொள்ளக்கூட மறுத்ததை இந்த ஆற்றைப் பற்றிப் பேசும் எவரும் தாண்டிப் போகக்கூடாது.

குழாய்க்கு வருவோம். 1970களில் தூத்துக்குடியில் உரத் தொழிற்சாலை, கனநீர் ஆலை, அனல் மின் நிலையம் என்று பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. அங்கே நல்ல தண்ணீர் இல்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து குழாயில் கொண்டுபோனார்கள். விவசாயிகள் வாயில் அதன் பெயர் "20 எம்.ஜி.டி." ஒரு நாளைக்கு 20 மில்லியன் கேலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர்.

இந்த எண் பெரிதா சிறிதா? கன அடியில் சொன்னால் நொடிக்கு ஏறத்தாழ 37 கன அடிதான். பாசனத்துக்கு ஆயிரக்கணக்கில் திறக்கும்போது 37 என்பது கண்ணில் படாது. அதிகாரிகள் கூட்டத்தில் அப்படித்தான் பேசப்படும். ஆனால் பாசனத்துக்கு மதகு சில மாதங்கள் திறந்திருக்கும், குழாய்க்கு அடைப்பு நாள் கிடையாது. 37 கன அடியை 365 நாளும் இரவு பகலாக எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 1,170 மில்லியன் கன அடி ஆகிறது. பாபநாசம் அணை முழுசாக நிரம்பியிருக்கும்போது உள்ள தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு. வறட்சி ஆண்டின் மே மாதத்தில், ஆற்றில் குடிநீருக்கென்று மட்டும் கொஞ்சம் ஓடும்போது, அந்த 37 மிகப் பெரிய எண். மேலே சொன்ன கசிவுக் கணக்கையும் இதோடு சேருங்கள். வயலுக்குப் போன தண்ணீரில் ஒரு பகுதி ஆற்றுக்குத் திரும்பும். குழாயில் போன தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்புவதில்லை. ஒரு லிட்டரும் இன்னொரு லிட்டரும் தாளில் சமம்தான், ஆற்றுக்குச் சமமில்லை.

குழாயைக் கண்டாலே தவறு என்று நான் சொல்லவில்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஆற்றுப் படுகையில் உறைகிணறு இறக்கித்தான் திருநெல்வேலி, தூத்துக்குடி மக்களுக்கும் விருதுநகர் மாவட்டத்தின் சில ஊர்களுக்கும் தண்ணீர் தருகின்றன. குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் மைல்கணக்கில் நடந்த ஊர்கள் அவை. தாகத்துக்குக் கொடுப்பதை ஆற்றங்கரைக்காரர்கள் எதிர்த்ததில்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போகிறது என்று தெரிந்தபோதுதான் கோபம் வந்தது. லிட்டருக்கு நான்கு காசுகூட இல்லை. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விநியோகத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது, 2017 மார்ச்சில் தடை நீங்கியது. இடையில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் கூடிய இளைஞர்கள் தாமிரபரணியையும் பேசினார்கள். வணிகர் சங்கங்கள் அந்தப் பானங்களை விற்க மாட்டோம் என்றன. எவ்வளவு தண்ணீரை எந்த விலைக்கு யாருக்குத் தருவது என்ற ஒப்பந்தம் அதற்கு முன் எந்த ஊர்ச் சபையிலும் வாசிக்கப்படவில்லை.

மணல் கதையும் இதே மாதிரிதான். பொக்லைன் வருமுன் ஆற்று மணலை மாட்டு வண்டியில் அள்ளினார்கள், அள்ளிய அளவுக்கு ஆறு கொண்டுவந்து சேர்த்தது. எந்திரம் வந்ததும் அள்ளும் வேகம் ஆற்றின் வேகத்தைத் தாண்டியது. மணல் போனால் படுகை தண்ணீரைப் பிடித்து வைக்காது, உறைகிணறு வற்றும், கடலோரத்தில் உப்பு உள்ளே ஏறும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் இரா.நல்லகண்ணு உயர் நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வந்தது. எண்பது வயதைத் தாண்டியும் அவர் வழக்குக் கட்டோடு நின்றதை நன்றியோடு நினைக்கிறேன்.

கடைசியாக 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வருஷத்தில் அங்கே பெய்வதைவிட அதிகம். மழையின் பெரும்பகுதி அணைகளுக்குக் கீழே சமவெளியில் விழுந்ததால் அணைகளால் அதைத் தாங்கிப் பிடிக்க வழியில்லை. குளக்கரைகள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் எண்ணூறு பேர் வரை சிக்கினார்கள், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துக் கம்பி அந்தரத்தில் தொங்கியது. அடுத்த வாரம் சண்டை வேறு இடத்தில் நடந்தது. ஐந்து நாள் முன்பே எச்சரித்தோம் என்றது ஒன்றிய அரசு. இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லை என்றது மாநில அரசு. வானிலை ஆய்வு மையம் தில்லியின் கீழ், மதகும் மீட்புப் படகும் சென்னையின் கீழ். செயற்கைக்கோளும் ரேடாரும் தந்த தகவல், ஆழ்வார்திருநகரியில் கூரைமேல் ஏறி நின்றவருக்கு எந்த மணிக்கு, எந்தச் சொல்லில் போய்ச் சேர வேண்டும் என்பதை இரண்டு அரசுகளும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கவில்லை. இந்த எச்சரிக்கை வரிசையில் விட்டுப்போன இடம் விஞ்ஞானத்தில் இல்லை, பொறுப்பு யாருடையது என்பதில்தான் இருந்தது.

அதற்கு முன்பே கடலில் வீணாகும் வெள்ளத்தைத் திருப்புவோம் என்று தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009ல் தொடங்கியிருந்தது. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலம்வரை சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். ஆட்சி மாறும்போதெல்லாம் வேலை சுணங்கி, பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அந்த மக்களுக்குத் தண்ணீர் போக வேண்டும், நியாயம். ஆனால் கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆற்று நீர் கடலை எதிர்த்து நிற்பதால்தான் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கிறது. புன்னைக்காயல் கழிமுகத்தில் மீன் குஞ்சு பொரிக்கிறது. ஸ்ரீவைகுண்டம் கட்டியபோதும் வீண் என்ற இதே வாதம்தான் சொல்லப்பட்டது. வெற்றிலை விவசாயியும் மீனவரும் இருக்கும் மேசையில் இந்தக் கணக்கைப் போட்டால் வீண் என்று எழுதும் எண் குறையும்.

விவசாயிகளுக்குப் பாசன நிர்வாகத்தில் பங்கு தர 2000ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தலும் நடந்தது. சங்கத் தலைவர்கள் வாய்க்காலில் அமலைச் செடி அகற்றுவதைப் பற்றிப் பேசுகிறார்கள், மராமத்துக்கு மனு கொடுக்கிறார்கள். அணையை எப்போது திறப்பது, ஆலைக்கு எவ்வளவு என்பது இன்னும் அரசாணையாகத்தான் இறங்குகிறது. இதை மாற்றப் புதிய தொழில்நுட்பம் ஏதும் வேண்டியதில்லை. எட்டு அணைக்கட்டிலும் ஒவ்வொரு கால்வாய்க்கும் இன்று எத்தனை கன அடி, ஒவ்வொரு குடிநீர்த் திட்டமும் ஒவ்வொரு ஆலைக் குழாயும் இன்று எத்தனை லட்சம் லிட்டர் எடுத்தன என்ற எண்கள் துறைகளின் நோட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஊராட்சி அலுவலகப் பலகையில் தினமும் எழுதச் சொல்லி வரும் கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் போடலாம். சேரன்மகாதேவியில் ஒரு சபையும் ஏரலில் ஒரு சபையும் அதே தீர்மானத்தை ஒரே நாளில் போட்டால், தலைமடையும் கடைமடையும் ஒரே கணக்கைப் பார்த்துப் பேசத் தொடங்கும்.